சிறகு முறிந்த பறவைக்கு மருத்துவர் எங்கே?

மாடு நோயுற்றால் எங்கே ஓட வேண்டும் என்பதை நம் மக்கள் அறிவார்கள். ஆட்டுக்கும் அப்படியே. நாய் வளர்ப்போரும் இப்போது ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆயின் வீட்டுக் கூண்டில் உள்ள ஒரு சிறு பறவை அடிபட்டு வீழ்ந்துவிட்டால், அதைக் கையில் ஏந்திக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். சாமியார் படித்தவர், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம் மக்களிடையே இன்னும் மாறவில்லை. அந்த நம்பிக்கைக்குப் பழுது நேராதிருக்கவேனும் நாம் சிலவற்றைக் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அவற்றைக் குடும்பங்களின் பயன் கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் ஊர்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பச்சை, மஞ்சள், நீல நிறச் சிறு பறவைகளுள் பெரும்பாலானவை உண்மையில் லவ் பேர்ட்ஸ் அல்ல. அவை ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியினம். மெய்யான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. உடல் சற்றுத் தடித்தும் வால் குறுகியும் இருக்கும். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது இந்த வேறுபாடு பயன்படும். ஏனெனில் மருந்தின் அளவு பறவையின் இனத்தையும் எடையையும் பொறுத்தது. பட்ஜெரிகரின் எடை 30 முதல் 40 கிராம்தான்.

இந்த எடையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பறவையின் உடலிலுள்ள இரத்தம் அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதாவது 35 கிராம் எடையுள்ள பறவையின் மொத்த இரத்தமும் சேர்ந்து ஒரு தேக்கரண்டியை நிரப்பாது. "கொஞ்சந்தான் ரத்தம் வந்தது சாமி, இருபது முப்பது சொட்டு இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பறவை தன் இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையே இழந்துவிட்டது என்று பொருள்.

மற்றொன்றும் உண்டு. பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் தளர்ந்து காணப்படும் பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும் ஆதலின், இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் இயல்பு அதற்கு அமைந்திருக்கிறது. அது இறகுகளை உப்பிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, கூண்டின் அடித்தட்டில் வந்து அமர்ந்துவிட்டதென்றால், துன்பம் அன்று தொடங்கியதன்று. சில நாட்களாகவே இருந்து வருவது. 'நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்' என்பது மாட்டுக்குச் சில வேளை பொருந்தும், பறவைக்குப் பொருந்தாது.

நம் இல்லங்களில் பறவைகளுக்கு முதற்பகை மின்விசிறி. கூண்டைத் திறந்து அறைக்குள் பறக்கவிடும்போது அதை நிறுத்த மறந்துவிடுகிறோம். அடுத்தது பூனை. அதற்கடுத்தது கதவிடுக்கு. மொட்டைமாடியில் புறா வளர்க்கும் இளைஞர்களுக்கு நான்காவது ஒன்றும் உண்டு: மாஞ்சா நூல். நைலான் பட்ட நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்தது. ஆயினும் நூல் அறுபடுவதும் இறக்கை அறுபடுவதும் நின்றபாடில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் தாயோடு நம்மிடம் வந்தான். கையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே ஒரு நீல நிறப் பட்ஜெரிகர், இடது சிறகு தொங்கிக் கிடந்தது. விசிறியில் அடிபட்டிருந்தது. அருகிலிருந்த கால்நடை மருந்தகம் அவ்வேளை மூடியிருந்தது; தனியார் மருத்துவர் ஒருவர், "இதெல்லாம் நான் பார்ப்பதில்லை, கோழி என்றாலும் பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டார். வீட்டிலோ தந்தை, "ஜோடி ஐந்நூறு ரூபாய். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்" என்றிருக்கிறார். அவர் கொடிய மனிதர் அல்லர், உழைத்துக் களைத்தவர். அதே வீட்டில் அவருடைய தாயார் இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாய்ப் படுக்கையில் இருந்தார். அந்தச் செலவின் பாரமும் அவர் பேச்சில் இருந்தது. ஆனால் சிறுவன் அதை வேறு விதமாகக் கேட்டிருக்கிறான். தாய் சற்று அப்பால் சென்றிருந்தபோது, "சாமி, ஆச்சிக்கும் எலும்பு முறிஞ்சுதானே இருக்கு?" என்று நம்மைக் கேட்டான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மருத்துவரைக் குறைகூறுவது எளிது, முறையன்று. கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் கோழியைப் பற்றி நிரம்பக் கற்பிக்கிறார்கள். ஆனால் கோழி மருத்துவம் என்பது கூட்டத்துக்கான மருத்துவம். பத்தாயிரம் கோழிகள் உள்ள பண்ணையில் ஒன்று இறந்தால் அதை அறுத்துப் பார்த்து, மற்றவற்றைக் காக்க வழி காண்பார்கள். ஒற்றைப் பறவையை நோயாளியாகக் கொண்டு, சொட்டுக் கணக்கில் மருந்தளந்து, ஆவியாகச் செலுத்தும் மயக்கமருந்து கொடுத்து, தீக்குச்சி பருமன்கூட இல்லாத எலும்பை இணைப்பது வேறொரு கலை. அதற்குத் தனிப் பயிற்சியும் சிறு கருவிகளும் வேண்டும். இல்லாதவர் 'பார்ப்பதில்லை' என்று சொல்வது, தெரிந்ததுபோல் தொட்டுக் கெடுப்பதினும் நேர்மையானது. 'யார் பார்ப்பார்' என்பதையும் கூடவே சொல்லி அனுப்பினால் இன்னும் நன்றாயிருக்கும்.

அந்த முதல் இரவு

மருத்துவர் கிடைக்கும்வரை என்ன செய்வது? மிகக் குறைவாகச் செய்வதே நலம். அடிபட்ட பறவைக்கு வேண்டியவை வெப்பம், இருட்டு, அமைதி ஆகிய மூன்றுமே. காற்றுத் துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டியில் மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதில் விட்டு மூடிவிடலாம். கூண்டானால் உட்காரும் குச்சிகளை அகற்றிவிட வேண்டும். ஏற முயன்று விழுந்தால் முறிவு பெருகும். பறவையின் இயல்பான உடல்வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்குக் கடுங்காய்ச்சல் எனும் அளவு அதற்கு நலம். ஆகவே அதிர்ச்சியுற்ற பறவை விரைவில் குளிர்ந்துவிடும். முன்பெல்லாம் நாற்பது வாட் குண்டு பல்பை அருகில் எரியவிடுவார்கள். இன்றைய எல்.இ.டி. விளக்கை எரியவிட்டுப் பயனில்லை. அதில் வெளிச்சம்தான் உண்டு, போதிய வெப்பம் இல்லை. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு புறம் வைப்பதே எளிது. ஒரு புறம் மட்டும். வெப்பம் மிகுந்தால் பறவை விலகி அமர இடம் வேண்டும் அல்லவா?

இரத்தம் கசிந்தால் தூய துணியால் சில நிமிடங்கள் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். நகம் முறிந்து கசிந்தால் மட்டும் சிறிது சோளமாவைத் தொட்டு வைக்கலாம். திறந்த புண்ணில் மாவு கூடாது. பிடிக்கும்போது மார்பை இறுக்கவே கூடாது. நமக்குள்ளதுபோல் பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அது மூச்சு விடுகிறது. அன்போடு இறுகப் பிடித்த கையிலேயே பறவை மூச்சடைத்து இறந்துவிடும். உடலைச் சுற்றித் துணிக்கட்டு இறுகப் போடுவதும் அப்படியே. தண்ணீரை வாயில் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தட்டையான மூடியில் தண்ணீரும் தினையும் எட்டும் தூரத்தில் வைத்தாற் போதும்.

பூனை கவ்விய பறவையைப் பற்றித் தனியே ஒரு சொல். வெளியே காயம் எதுவும் தெரியாமலிருக்கலாம். ஆனால் பூனையின் பல் ஊசிபோல் நுண்ணியது. அதன் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிர் பறவையின் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாட்களில் உயிர் போகும். 'தப்பித்துவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது' என்று மகிழ்ந்துவிட்டு இரண்டாம் நாள் காலையில் செத்துக் கிடக்கக் கண்டவர்கள் நம் பங்கிலும் உண்டு. அன்றைக்கே மருத்துவரிடம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றாக வேண்டும்.

பக்தியோடு செய்யும் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தோணியார் கோயில் எண்ணெயை முறிந்த சிறகில் தடவிக்கொண்டு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். புனிதரிடம் மன்றாடுவது நல்லது. எண்ணெயை உங்கள் நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். பறவையின் இறகுகள் ஒன்றோடொன்று பின்னி, காற்றை உள்ளடக்கி, உடல்வெப்பத்தைக் காக்கின்றன. எண்ணெய் பட்டால் அவை ஒட்டிக்கொண்டு, பறவை குளிரால் நடுங்கிவிடும். வேப்பெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் இதே விதிதான்.

வீட்டிலுள்ள வலி மாத்திரையை நசுக்கிக் கொடுப்பது அதனினும் கேடு. ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாடே உலகுக்குச் சான்றாயிற்று. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. சில ஆண்டுகளுக்குள் அவற்றின் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மறைந்துபோயின. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் 2023இல் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்னும் மருந்து கழுகுகளுக்குத் தீங்கற்றது எனத் தெரிந்தது. கூண்டுப் பறவைகளுக்கும் வலி தணிக்க மருத்துவர்கள் இன்று பெரிதும் அதையே தருகிறார்கள். எனினும் அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கே கொண்டு செல்வது?

நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளே முதலில் நினைக்கத் தக்கவை. சென்னை வேப்பேரியிலுள்ள கல்லூரி 1903இல் தொடங்கியது. நாமக்கல் கல்லூரி 1985இல் தோன்றியது. திருநெல்வேலியிலும் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டிலும் 2012 முதல் கல்லூரிகள் இருக்கின்றன. பின்னர் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் வந்துள்ளன. சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் அடிபட்ட உயிர்களை ஏற்கிறது. 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் கால்நடை மருத்துவ ஊர்திக்கு உரியது. பெரிதும் ஆடுமாடுகளுக்கானது எனினும், அருகில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று கேட்டறிய உதவக்கூடும்.

புறப்படுமுன் தொலைபேசியில் இரண்டு வினாக்களைக் கேட்டுவிடுங்கள்: 'பறவை பார்ப்பீர்களா? எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா?' வெயிலில் இரண்டு மணி நேரம் பேருந்தில் குலுங்கிச் சென்று, 'இல்லை' என்ற விடையோடு திரும்புவதைப் பறவை தாங்காது. எடுத்துச் செல்லும்போது அதன் எச்சம் பட்ட தாளையும் கூடவே கொண்டு போங்கள். மருத்துவர் அதைப் பார்த்தே பல செய்திகளை அறிவார்.

தாமதமும் கூடாது. பறவையின் எலும்பு நம்முடையதைவிட விரைந்து கூடும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடுகிறது. இது நன்மைபோல் தோன்றும். ஆனால் கோணலாக இருந்தால் கோணலாகவே விரைந்து கூடிவிடும்! பின்னர் அதைத் திருத்துவது அரிது.

அச்சிறுவனின் பறவையைத் திங்கட்கிழமை காலையில் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிறு முழுவதும் வெந்நீர்ப் புட்டியை மாற்றி மாற்றி வைத்தவர் அவனுடைய தாய்தான். சிறகின் நடுப்பகுதியில் இணையாக உள்ள இரண்டு எலும்புகளில் தடித்தது முறிந்து, மெல்லியது முறியாமல் இருந்தது. அந்த மெல்லிய எலும்பே இயற்கையான சிம்பாக அமைந்துவிட்டது. எட்டு வடிவத்தில் ஒரு கட்டுப் போட்டு, மூன்று வாரம் கழித்து அவிழ்த்தார்கள். இப்போது அது கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மற்றொரு சுவர்வரை பறக்கிறது. சற்றே இடப்பக்கம் சாய்ந்து பறப்பதாகச் சிறுவன் சொல்கிறான். நாம் பார்த்தபோது நேராகத்தான் பறந்தது.

பச்சைக்கிளி வைத்திருப்போருக்கு

இங்கே ஒரு சங்கடமான செய்தி. நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி முதலியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானவை. பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறோம் என்பது விடையாகாது. இந்த அச்சத்தாலேயே சிலர் நோயுற்ற கிளியை மருத்துவரிடம் கொண்டு செல்லாமல் மறைத்து வைக்கிறார்கள். ஒரு குற்றத்தை மறைக்க மற்றொரு கொடுமை. கிளியை மருத்துவரிடம் காட்டுவதும், வனத்துறை அலுவலகத்துக்கு அறிவித்து ஒப்படைப்பதுமே நேர்வழி. தெருவில் அடிபட்டு விழுந்து கிடக்கும் காட்டுப் பறவைக்கும் இதுவே முறை. பட்ஜெரிகர், காக்கட்டீல் போன்ற அயல்நாட்டுச் சிறு பறவைகளுக்கு இத்தடை இல்லை. ஆனால் சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

செலவு செய்வது முறையா?

ஐந்நூறு ரூபாய்க்குப் பறவை வாங்கி, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மருத்துவம் பார்ப்பது அறிவுடைமையா என்று அத்தந்தை நம்மைப் பின்னர் நேரடியாகவே கேட்டார். நல்ல வினா; மழுப்பக்கூடாத வினா. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் பத்தியில் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. உயிரினங்களைத் தேவையின்றித் துன்புறவோ சாகவோ விடுவது மனித மாண்புக்கு ஒவ்வாதது. அதேபோன்று மனிதரின் வறுமையைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாதது. ஆதலின் ஆச்சியின் மருந்தை நிறுத்தி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஒத்திவைத்துப் பறவைக்குச் செலவிடச் சொல்லமாட்டோம். ஆனால் நம் வீடுகளில் பறவைக்குச் செலவிடலாகாது என்று வாதிடுவோருள் பலர், அதே தொகையை ஒரு மாலைப் பொழுதில் பிறந்தநாள் கேக்குக்குச் செலவிடுகிறார்கள். அங்கே இந்த மறைக்கல்விப் பத்தி எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நம் கருத்து இது. காட்டிலுள்ள பறவை தன் உணவையும் தன் ஆபத்தையும் தானே தேடிக்கொள்கிறது. கூண்டுப் பறவைக்கு அந்த வழிகளையெல்லாம் அடைத்தவர்கள் நாம். விசிறியைச் சுழலவிட்டவர்களும் நாம். எனவே இங்கே பேச்சு இரக்கத்தைப் பற்றியது மட்டுமன்று, நீதியைப் பற்றியதும்கூட. வாங்கும்போதே மருத்துவச் செலவும் விலையின் ஒரு பகுதி என்று எண்ணி வாங்க வேண்டும். அதற்கு இயலாதவர் வாங்காதிருப்பது குற்றமன்று.

சிட்டுக்குருவிகளின் விலையைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை மத்தேயுவும் லூக்காவும் வெவ்வேறு கணக்கில் எழுதியிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். முன்னவரிடம் ஒரு காசுக்கு இரண்டு; பின்னவரிடம் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் விலையே இல்லாத அந்த ஒன்றும் கடவுளின் நினைவில் இருக்கிறது.

டெல்லி செங்கோட்டைக்கு எதிரே, சமணரின் லால் மந்திர் கோயிலையொட்டிப் பறவைகளுக்கென்றே ஓர் இலவச மருத்துவமனை நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதே நகரில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்னும் இசுலாமியச் சகோதரர் இருவர் மாஞ்சா நூலில் அறுபட்ட பருந்துகளைத் தங்கள் இல்லத்தின் அடித்தளத்தில் வைத்துக் காத்தனர். அவர்களைப் பற்றி 2022இல் வந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் உலகப் புகழ் பெற்றது. நம்மவர் சனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருவிழாவில் ஆடுமாடுகளையும் கோழிகளையும் மந்திரிக்கக் கொண்டுவருவதோடு நின்றுவிடுகிறோம்.

சில வேளைகளில் மருத்துவர் தலையசைத்துவிடுவார். முதுகெலும்பு நொறுங்கியிருக்கும், அல்லது இரு கால்களும் செயலற்றிருக்கும். வலியின்றி மயக்கமருந்தால் உயிரைப் போக்கிவிடலாம் என்பார். 'இது பாவமாகுமா?' என்று நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. மனித உயிரைப் பற்றிய திருச்சபையின் கட்டளை விலங்குகளுக்குப் பொருந்துவதன்று. தீராத வலியில் துடிக்கும் பறவைக்கு மருத்துவர் கையால் அவ்வாறு செய்வது பாவமன்று. குழந்தையிடம் 'பறந்து போய்விட்டது' என்று பொய் சொல்வதைத்தான் நாம் ஏற்கமாட்டோம். அது மோட்சத்துக்குப் போகுமா என்று குழந்தை கேட்கும். விலங்கின் உயிர் மனித ஆன்மாவைப் போல அழியாமை உடையதன்று என்று அக்குவினா தோமையார் கற்பித்தார். படைப்பு முழுவதும் விடுதலைக்காக ஏங்குவதாகத் தூய பவுல் உரோமையருக்கு எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலிலும் உருமாற்றம் பெற்ற படைப்புகள் நிலைவாழ்வில் இடம்பெறும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பது தாயின் திறமை. 'கடவுள் அதை மறக்கமாட்டார்' என்றால் போதும்; அது பொய்யன்று.

நலம்பெற்று வரும் பறவைக்குக் குச்சியைத் தாழ்வாகக் கட்டுங்கள். கூண்டை அடுக்களையில் வைக்காதீர்கள்; ஒட்டாத பூச்சுள்ள வாணலி மிகச் சூடேறினால் வெளிவரும் ஆவி சிறு பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்திப் புகையும் ஆகாது. தொட்ட கையைச் சோப்பினால் கழுவுங்கள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடித்தால், இல்லத்தில் கிளியினப் பறவை உண்டு என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்னும் நோய் அவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது.

நம் பங்கின் இளையோர், சுற்றுவட்டத்தில் பறவை பார்க்கும் மருத்துவர்கள் யாவர், எந்நேரம் கிடைப்பர் என்று விசாரித்து ஒரு பட்டியல் எழுதிக் கோயில் முகப்பில் ஒட்டியிருக்கிறார்கள். நான்கு பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார், இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு.